ஆல்பனியில் நான் வாசித்த தாள்

பொழுது விடியுமுன்பே பஃபலோ நகரின் கிழக்குத் தெருவொன்றில் நாங்கள் ஐந்து பேரும் குழிக்குள் இறங்கியிருந்தோம். உறைந்த மண் கடப்பாறையைத் திருப்பியடித்தது. கீழே நூறு வயதான எரிவாயுக் குழாய். போன வருஷம் ஒட்டுப்போட்ட இடத்திலேயே மறுபடியும் ஒட்டுப்போட்டோம். இப்படியொரு குழாய்தான் நவம்பரில் வெடித்து எங்களோடு குழியில் வேலைசெய்த ஓட்டிஸின் இரண்டு கைகளையும் தீய்த்தது.

மேலாளர் ஹார்லன் காப்பியோடு வந்தார். சுற்றுச்சூழலைக் காக்க, புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கூடாதென்று மாநிலச் சபைக்கு ஒரு சட்ட மசோதா வந்திருந்தது. அதை எதிர்த்துப் பேச நிர்வாகமே பஸ் விடும், அச்சடித்த தாளும் தரும், நான்தான் வாசிக்க வேண்டும் என்றார்.

வெல்டர் ரெஜினா குழிக்குள்ளிருந்தே கேட்டாள்: "பழைய குழாய எப்ப மாத்துவீங்க?"

"புது லைன் போட்டாத்தான் கம்பெனி நிக்கும். கம்பெனி நின்னாத்தான் நீ நிப்ப."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாநிலத் தலைநகர் ஆல்பனியில், சபை முன் வாசித்தேன். எங்கள் குழாய்கள் பாதுகாப்பானவை, இந்தச் சட்டம் எங்கள் பிழைப்பில் மண்ணள்ளிப் போடும் என்று. முடித்து நிமிர்ந்தால், கடைசி வரிசையில் ஓட்டிஸ். யாரும் அழைக்காமல் தானே வந்திருந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். உறைபோட்ட அவன் கைகள் மடியிலேயே கிடந்தன.

வெளியே என்னிடம் வந்தான். "நல்லா வாசிச்ச, வால்ட். ஒரு எடத்துலகூடத் தடுமாறல."

அதற்கு அவன் திட்டியே இருக்கலாம். பஸ்ஸில் கொடுத்த சாண்ட்விச்சைப் பிரிக்காமலே வீடுவரை கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை, குழியில், மற்றவர்களிடம் நான் வாசித்ததையும் ஓட்டிஸ் வந்ததையும் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"வேலை போயிருமோன்னு எனக்கும் பயந்தான்" என்றாள் ரெஜினா. "ஆனா பழைய குழாய மாத்துற வேலையே நாம ரிட்டயர் ஆகுறவரைக்கும் கெடக்கு. அதக் கேப்போம். ஒருத்தர் வேலையும் போகக்கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே எழுதச் சொல்லுவோம்."

சபையின் அடுத்த விசாரணையில் வாசிக்க, ஒரு வாரம் உட்கார்ந்து நாங்களே ஒரு தாள் எழுதினோம். ஓட்டிஸ் சொல்லச் சொல்ல ரெஜினா எழுதினாள்.

இம்முறை பஸ் கிடையாது, லீவும் கிடையாது என்றார் ஹார்லன். "போறவங்க திரும்பி வர வேணாம்."

"அப்ப நாளைக்கு நீங்கதான் குழிக்குள்ள எறங்கணும்" என்றாள் ரெஜினா.

இரண்டு வண்டிகளில் போனோம். சபைத் தலைவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"போன தடவ இதே எடத்துல நான் வாசிச்சது பொய். தெரிஞ்சேதான் வாசிச்சேன்."

சட்டம் என்ன ஆகும், எங்கள் வேலை என்ன ஆகும், எதுவும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஓட்டிஸும் மற்ற நால்வரும் எழுந்து நின்றார்கள்.