கிளம்பாத வண்டி

அடைக்கலம் அண்ணனுக்குப் புதிய நெறிமுறை பிடிக்கவே இல்லை. இதயம் நின்றுபோனவரைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, விழுந்த இடத்திலேயே நெஞ்சை அமுக்கு, ஷாக் கொடு, துடிப்பு திரும்பிய பிறகு வண்டியில் ஏற்று என்று போன வாரப் பயிற்சியில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு இதைவிட அவமானம் உண்டா?

“ஏசி ரூம்ல உக்காந்து மாத்திப்புட்டாங்க சிஸ்டர். சனம் நம்மள சும்மா விடுமா?” என்று வண்டியில் நர்ஸாக வரும் என்னிடம் பொருமிக்கொண்டே இருந்தார். சனம் விடாதுதான். ஆம்புலன்ஸ் வந்தால் உடனே கிளம்ப வேண்டும் இங்கே. நின்றால் வேலை தெரியாதவர்கள் என்று பேர்.

அன்று காலை கீரமங்கலம் பூச்சந்தைக்கு எதிரில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தோம். சந்தைக்குள்ளிருந்து ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். எடை போட்டுக்கொண்டிருந்த பூ வியாபாரி உடையப்பன் அப்படியே சரிந்துவிட்டாராம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் பேச்சு மூச்சில்லை, கழுத்தில் துடிப்பும் இல்லை. வலிப்பென்று நினைத்துக் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். மல்லிகைக் கூடைகளைத் தள்ளிவிட்டு, மண்டியிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கினேன். அதற்குள் நாலு பேர் அவர் கைகால்களைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள்.

“இங்கிட்டு வச்சு என்னத்தப் பண்றீங்க? வண்டியில ஏத்துங்க” என்று அவர் மனைவி அலமேலு என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தைவிடப் பயம் அதிகம். இவர் இங்கேயே போய்விட்டால் நாங்கள் முழுசாக வீடு திரும்ப மாட்டோம்.

அடைக்கலம் அண்ணன் ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றார். “ஏத்திருவோம் சிஸ்டர்.”

“ஓடுற வண்டியில என்னால ஒழுங்கா அமுக்க முடியாதுண்ணே. இப்ப தூக்குனா ஆளு பொழைக்க மாட்டாரு. ஷாக் பெட்டிய எடுத்துட்டு வாங்க.”

அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரைக் கூட்டத்துக்குக் குறுக்கே தள்ளி நிறுத்தினார். “எல்லாரும் அங்கிட்டுப் போங்க. சிஸ்டர் வேலையப் பாக்கட்டும்.” அலமேலுவின் கை என் தோளிலிருந்து நழுவியது.

பெட்டி வந்தது. எல்லோரையும் விலகச் சொல்லி ஷாக் கொடுத்தேன். அசைவில்லை. மறுபடி அமுக்கினேன், கை சோர்ந்துபோனது. கேட்காமலே அண்ணன் என்னை நகர்த்திவிட்டு மண்டியிட்டார். ஸ்டியரிங் பிடித்த கை, நல்ல பலம். வியர்வை சொட்ட அமுக்கினார். நான் இரண்டாவது ஷாக் கொடுத்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அப்போதுதான் உடையப்பனின் விரல்கள் மடங்கின. கழுத்தைத் தொட்டேன். துடிப்பு இருந்தது. அவர் நெஞ்சு தானாக ஏறி இறங்கியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னதைச் சொல்ல அண்ணனைத் தேடினேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தன வருசமா எல்லாரையும் முதுகுக்குப் பின்னால வச்சே ஓட்டிப்புட்டேன் சிஸ்டர்” என்றார். “ஒருத்தருக்கு மூச்சு திரும்புறத இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்.”