அந்தோனியார் ஓடை

எமிலியானுஸ் மானஸ்தன் என்று ஊரில் கதை. ஊர் என்றால் மன்னார்ப் பக்கத்துப் புளியமோட்டை. அது இப்போது இல்லை. எண்பத்தைந்தில் அரசாங்கத்தார் சனத்தைத் துரத்திவிட்டு, வேறு ஆட்களைக் குடியேற்றி, வேறு பெயர்ப்பலகையும் நட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் அவர், புலம்பெயர்ந்து வந்த தேசத்தில், புவாண்ட்-கிளேர் என்ற இடத்துப் பண்டகசாலையில் கூட வேலை செய்யும் செலீனுக்குச் சொல்லியிருந்தார். செலீன் அந்த மண்ணின் பூர்வகுடியான மோஹோக் இனப் பெண். ஆற்றுக்கு அக்கரையில், கானவாகேயில் இருந்து வருகிறவள். கேட்ட நாளிலிருந்து அவள் காலையில் மற்றவர்களுக்கு வணக்கம் சொல்வதுபோல "பொன்ஜூர்" சொல்வதில்லை. "புளியமோட்டை!" என்றுதான் கூப்பிடுவாள். எமிலியானுசுக்கு உள்ளம் குளிர்ந்துபோகும்.

2006 வசந்தத்தில் அவள் பியர்ஃபோன் பகுதியில் ஓடும் ஓடை ஒன்றுக்குத் தன் ஆட்கள் வைத்திருந்த பழைய பெயரைத் திரும்பக் கேட்டு நகரசபைக்கு மனுப் போட்டாள். ஓடையோர வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவேண்டும்; அவர்களில் பாதிப்பேர் தமிழர்.

"உங்கள் ஆட்களின் சம்மதத்தை நீ எழுதித் தா. உனக்கு விளங்கும்," என்றாள். அவரும் தலையாட்டினார்.

ஓடைக்கு இப்போது சென்-அந்துவான் என்று பெயர். பிரெஞ்சுக்காரன் வைத்தது. நம்மவர்களுக்கு அது அந்தோனியார் ஓடை. திருநாளில் அந்தோனியாரின் சிலையை, சுருவத்தை, தூக்கிச் சுற்றி வருவது அதன் கரையால்தான்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். தமிழ்க் கத்தோலிக்கர் சபைத் தலைவர் அருமைராசா பாய்ந்தார்.

"அந்தோனியாரைத் தூக்கிப்போட்டு, வாயில வராத பேர் வைக்கிறதோ? தம்பி, நீர்தானே செயலாளர். ஏலாதெண்டு வடிவா எழுதும்."

"ஓம் அண்ணை," என்றார் மானஸ்தன்.

வீட்டில் எழுதினார்: "இப்போதைய பெயர் மக்களுக்குப் பழகிவிட்டது. மாற்றினால் வீண் குழப்பம் வரும்."

வாசித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஊர்ப்பெயரைத் திருப்பிக் கேட்டு அப்பா போட்ட மனுவுக்கு அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த பதில் இது. சொல் மாறாமல் அதே வசனம். அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர்.

கிழித்துப் போட நினைத்தார். அருமைராசாவின் முகம் ஞாபகம் வந்தது; இனிச் சுருவம் தூக்கக் கூப்பிடமாட்டார்கள் என்பதும் வந்தது. கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டார்.

மனு தள்ளுபடியானது. செலீனுக்கு வந்த பதிலில் அவருடைய கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் பண்டகசாலை வாசலில் நின்றாள். எமிலியானுஸ் கெஞ்சுகிறவர்போல அவள் முகத்தைப் பார்த்தார்.

"பொன்ஜூர், எமில்," என்றாள்.

இந்தத் தேசத்தில் புளியமோட்டை என்று சொல்ல அந்த ஒரு வாய்தான் இருந்தது. அதையும் அவரே அடைத்துவிட்டார்.