மலையேறிய தண்ணீர்

"நான் எழுதின கட்டுரை தண்ணியை மலையேத்தும், பாருங்கோ" என்று குகநேசன் மாஸ்டர் சொன்னபோது, அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் எதிர்மலை மூடுபனி இரண்டாகப் பிளந்தது. வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலையில் தண்ணீர்க் குடம் இருந்தது.

மாஸ்டர் களைப்பில் உளறியதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவருக்கு, வாளியோடு பள்ளத்து ஊற்றுக்கும் மேல் லயத்துக்கும் நடந்தே கைகள் முழங்காலுக்குக் கீழே நீண்டுவிட்டன.

வினையெல்லாம் அவருடைய ஆராய்ச்சி. மலையிலிருந்து மேல் லயத்துப் பீலி வழியாகக் கொட்டும் ஓடைத் தண்ணீரில் வயிற்றோட்டக் கிருமி உண்டு, பள்ளத்து ஊற்றில் இல்லை என்று சோதித்து எழுதினார். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று வெளியிட்டது. லிந்துலையில் மீராசாஹிப்பின் இன்டர்நெட் கடையில் திறந்து பார்த்தால், தலைப்புக்குக் கீழே பூட்டு. மிச்சத்தைப் படிக்கக் காசு கட்டவேண்டும்.

"பெத்தவனுக்கே டிக்கட்டா, மாஸ்டர்?" என்றார் மீராசாஹிப்.

அந்தக் கட்டுரையை ஈ காக்கைகூடப் படிக்கவில்லை. அடுத்த வருடச் சோதனைகளை, இரண்டாயிரத்து ஐந்தில், எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடும் சஞ்சிகைக்கு அனுப்பினார். அங்கே படிப்பவனுக்குச் சும்மா, எழுதுபவன் தலையில் கட்டணம். ஏழை நாட்டு வாத்தியார் என்று அவர் மன்றாடி எழுதியவை கட்டுரையைவிட நீளம். ஒருவழியாக விலக்குக் கிடைத்தது. இனி உலகத்தில் யாரும் படிக்கலாம்.

யாரும் என்றால், முதலில் படித்தது கொழும்பிலிருந்த தோட்டக் கம்பனி. காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட்ட கையோடு, பீலியைச் சீமெந்து போட்டு அடைத்தாயிற்று என்று தோட்ட மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அறிவித்தார். வேறு தண்ணீருக்கு வழி? மேலிடத்து உத்தரவில் அதுபற்றி ஒன்றுமில்லையாம்.

அன்று மாலையே வீரம்மா பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள்.

"கட்டுரை பூட்டிக் கெடந்தப்ப எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல மாஸ்டர். நீங்க அதத் தொறந்தீங்க, அவங்க பீலிய மூடிட்டாங்க."

"பீலியிலே கிருமியக்கா."

"எங்ககிட்ட சொல்லியிருந்தா காய்ச்சிக் குடிச்சிருப்போம்ல? ஊர் ஒலகத்துக்கெல்லாம் சொன்னீங்க."

 மறுநாளே மாஸ்டர் வாளியை எடுத்து, மேல் லயத்துக்குத் தண்ணீர் சுமக்கத் தொடங்கினார்.

மாதங்கள் போயின. பெண்களுக்கு இடுப்பு ஒடிந்தது. மாஸ்டர் வகுப்பில் நின்றபடியே தூங்கப் பழகினார். அப்போது ஒருநாள் மீராசாஹிப் ஆளனுப்பினார். நேபாளத்து மலையிலிருந்து முன்பின் தெரியாத எஞ்சினியர் ஒருவர், கட்டுரையை இலவசமாகப் படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதியிருந்தார். பள்ளத்து ஊற்று சுத்தம் என்கிறீர்களே, அதையே மேலே அனுப்பலாமே என்று கேட்டிருந்தார். தண்ணீர் விழுகிற வேகமே அதில் ஒரு பங்கை மேட்டுக்குத் தள்ளும் பம்பாம். கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம். அதைச் செய்யும் வரைபடமும் பூட்டில்லாத கட்டுரையாகவே கூட வந்திருந்தது.

தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் இராமையா பழைய இரும்புக் குழாய்களை வைத்து ஊற்றடியில் அப்படியொரு பம்பைச் செய்தார். அது கிழட்டு எருமைபோல வாரக்கணக்கில் இருமியது; ஒரு சொட்டும் ஏறவில்லை. இராமையா கழற்றுவார், பூட்டுவார், திட்டுவார். வீரம்மா குடத்தோடு தாண்டிப் போவாள், திரும்பியும் பார்க்கமாட்டாள்.

ஒரு ஞாயிறு காலை, பம்பிலிருந்து மேல் லயத்துக்கு இழுத்திருந்த குழாய் உறுமியது. ஹட்டன் வரைக்கும் வெள்ளம் போனது என்று சொல்லத்தான் ஆசை. வந்தது சுண்டுவிரல் பருமன். வீரம்மா காலிக் குடத்தை அதன்கீழ் வைத்தாள். கீழே பள்ளத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். குடம் நிறைந்தது.

அப்போதுதான் மாஸ்டர் வாளியோடு மேடேறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"ஏறித்தான் வந்திருக்கு மாஸ்டர்," என்றாள். "ஒங்க கட்டுரதான் ஏத்தியிருக்கு. அந்த வாளியக் கீழ வைங்க."