பானுவின் பங்கு

உமர் ஃபாரூக் பாய் குடோனை விற்கப்போகிறார் என்ற பேச்சு ஆம்பூரில் ஒரு வருடமாகவே அடிபட்டுக்கொண்டிருந்தது. சவுரியம்மாள் அதை நம்பவில்லை. ஷூ கம்பெனிகளில் வெட்டிக் கழித்த தோல் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, தரம் பிரித்து, மறுபடி விற்கிற தொழில் அது. நாற்றம் பிடித்த தொழில்தான், ஆனால் இத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுகிற தொழிலை எவன் விற்பான் என்று நினைத்திருந்தாள். பாய் விற்றேவிட்டார். மகன் துபாயிலேயே தங்கிவிட்டான், எனக்கும் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, பெண்களுக்கெல்லாம் பிரியாணி போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். குடோனைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது.

அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஒரு குவியலுக்கு ஒரு ஜோடி. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து, தோல் தனி, ரெக்சின் தனி, லைனிங் துணி தனி என்று பிரித்துப் போடவேண்டும். பெரிய தோல் துண்டுகள் பர்ஸ் தைக்கிறவர்களுக்குப் போகும், பொடியெல்லாம் அட்டை மில்லுக்குப் போகும். இதில் அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. எவளுடைய கை ஓய்கிறதோ, அவள் குவியலைப் பக்கத்தில் இருப்பவள் பேசாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். என்ன ஏது என்று கேட்கமாட்டாள். காய்ச்சலோ, மாதத் தூரமோ, வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்த நாளோ, அந்தக் குடோனில் லீவு என்று இருந்தது அது ஒன்றுதான்.

சவுரியம்மாளின் ஜோடி ஷஹீன் பானு. சவுரியம்மாள் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பை மூடியபோது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுவந்து பாயிடம் சேர்த்துவிட்டவளே பானுதான். அன்றிலிருந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சோறு தின்று, ஒருத்தி மாமியாரை இன்னொருத்தி திட்டிக்கொண்டு காலம் போய்விட்டது. இப்போது பானுவுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. துண்டைப் பிடித்தால் விரல் மடங்க மறுத்தது.

புது முதலாளிகள் குடோனைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் சவுரியம்மாள் எல்லாரையும் கூட்டி வைத்தாள்.

"நாம தெனம் செய்ற மாதிரி பேசினு, வெத்தல போட்டுனு உக்காந்துனு இருந்தோம்னா அவ்ளோதான். இதுங்க லாயக்கில்லன்னு அனுப்பிச்சிடுவாங்க. அன்னிக்கி ஒரு நாள் கை பறக்கணும், சொல்லிட்டேன்," என்றாள்.

"இன்னாத்துக்கு இந்த ஓட்டம்? செய்றத செஞ்சி காட்டுவோம்," என்றாள் பானு.

"ஒன் கைய பாத்தாங்கன்னா மொதல்ல ஒன்னதான் அனுப்புவாங்க. நீ வாய மூடினு இரு."

அவர்கள் வந்த நாளில் பெண்கள் தலை நிமிரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பானுவின் வீங்கிய கை யார் கண்ணிலும் படக்கூடாதென்று சவுரியம்மாள் அவள் பங்கையும் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு வெறி பிடித்தவளாகப் பிரித்தாள். சாயங்காலம் வரை இழுக்கிற சரக்கு மதியச் சாப்பாட்டுக்கெல்லாம் முடிந்து, தரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வந்தவர்களில் ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். இன்னொருவர் "சூப்பர்மா" என்றார். பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருமையாக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தப் பைத்தியக்காரிகளில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். ஜோடிக்கு ஒருத்தி போதும் என்று உத்தரவு. பானு போனாள். சவுரியம்மாள் இருந்தாள்.

புது மேனேஜர் நவீன்குமார் குடியாத்தத்துக்காரன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, எல்லாரையும் மரியாதையாகப் பேசுகிறவன். கத்துகிற மேனேஜராக இருந்திருந்தால் சவுரியம்மாளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இவனோ, பானுவுக்காகக் கேட்கப் போனவளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"அன்னிக்கி மத்தியானமே தரை காலியாயிடுச்சேம்மா. அர நாள் வேலைக்கு எதுக்கு இத்தினி பேருன்னு மேல கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

"அது ஒரு நாள் ஓடினது சார். தெனம் அப்டி முடியாது."

அவன் யோசித்தான். "ஒண்ணு செய்வோம். சாயங்காலம் சரக்கு தேங்கி நின்னுச்சின்னா நானே மேல பேசறேன். பழைய ஆளுங்களத்தான் கூப்பிடுவோம். மொதல்ல உங்க ஜோடிய கூப்பிடறேன், போதுமா?"

சவுரியம்மாள் நேராகப் பானு வீட்டுக்குப் போனாள். பானு ஷூ கம்பெனிகளில் ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தாள். வயசுப் பெண்கள்தான் வேண்டும் என்று எல்லா வாசலிலும் சொல்லியிருந்தார்கள். புர்காவைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சவுரியம்மாள்மேல் கோபம் இருந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. அதுதான் சவுரியம்மாளை அறுத்தது.

"இனிமே எங்கயும் போய் நிக்காத. நாளைக்கி என் பங்கு மட்டுந்தான் செய்வேன். ஒன் பங்கு அப்படியே கெடக்கும். சாயங்காலம் அவன் கண்ணால பாக்கட்டும். நீ வந்துடுவ," என்றாள்.

இதை வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை. தப்பிப் பிழைத்திருக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியும் அடுத்து நம் பேரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர்களிடம் போய் வேலையைத் தேங்க விடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? போன தடவை அவள் வாயைக் கேட்டு நடந்துதானே பாதிப் பேர் தெருவில் நிற்கிறார்கள்.

மறுநாள் குவியலின் நடுவே விரலால் கோடு இழுத்ததுபோல் பிரித்துக்கொண்டு, தன் பக்கத்தை மட்டும் நிதானமாகச் செய்தாள். எதிர்ப்பக்கத்தைத் தொடவில்லை. மதியம் தாண்டியும் பானுவின் பங்கு அப்படியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது.

பக்கத்துக் குவியலில் ராஜம்மாள் இருந்தாள். அவளும் இப்போது தனியாள்தான். சவுரியம்மாளைவிட மூத்தவள், முதுகு வலிக்காரி. அவள் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் குனிந்து, சவுரியம்மாளின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வாரு வாரித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சவுரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விடுக்கா," என்றாள்.

"நீ சும்மா இரு. காலைலேர்ந்து பாக்கறேன், ஒம் மொகமே சரியில்ல."

"ஐயோ, விடுங்கக்கா. அது கெடக்கட்டும்."

"கெடந்தா அந்தப் பையன் ஒன்ன பேச மாட்டானா?"

நவீன்குமார் அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தான். சவுரியம்மாளால் அதற்குமேல் வாய் திறக்க முடியவில்லை. கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள். பாவம், அவளுக்கு ரொம்ப முடியவில்லை என்றுதான் ராஜம்மாள் அதையும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்த சோபனாவுக்கு ஜாடை காட்ட, அவளும் ஒரு கை கொடுத்தாள். பானுவின் பங்கு சவுரியம்மாளின் கண்ணெதிரே கரைந்தது. சாயங்காலம் தரையில் ஒரு பொடி இல்லை.

நவீன்குமார் சுற்றிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தான். "பாத்தீங்களாம்மா, நீங்கதான் வீணா பயந்தீங்க. முடியுது."

குழாயடியில் ராஜம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கை கழுவினாள். கட்டைவிரல் ஓரத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவளை ஓங்கி அறையவேண்டும் போலவும், காலில் விழவேண்டும் போலவும் சவுரியம்மாளுக்கு ஒரே நேரத்தில் இருந்தது.

"யாரு ஒங்கள கேட்டாங்க?" என்றாள்.

"கேட்டுத்தான் செய்யணுமாக்கும்? எனக்கு முடியாதப்ப நீ கேட்டுனா செஞ்ச?" என்றாள் ராஜம்மாள். "போய் கசாயம் வெச்சி குடிச்சிட்டு படு."

கேட்டுக்கு வெளியே பானு நின்றிருந்தாள். எப்போதும் வேலைக்குக் கொண்டுவருகிற பை தோளில் தொங்கியது. நாளைக்கே வரச் சொல்வார்கள் என்று அவளும் நம்பிவிட்டிருந்தாள்.

"தேங்கிச்சா?" என்று கேட்டாள்.

சவுரியம்மாள் தலையை ஆட்டினாள். "இல்ல. ராஜம்மாக்கா இழுத்துக்கிச்சி. எனக்கு ஒடம்பு முடியலன்னு நெனச்சிக்கினு, சோபனாவையும் சேத்துனு முடிச்சிட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன் பானு."

பானு பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"நான் அங்க இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள்.

சவுரியம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.