ஊசியை நிறுத்திய சண்டை

"ஏய்யா விஜயபாண்டி, ஊசி போடுற பிள்ளைய என் மகன் தலையில கட்டப் பாத்தியே!"

சந்தனம்மாள் இன்சுலின் பேனாவைத் தூக்கிக் காட்டிப் போட்ட சத்தம் கம்பத்தில் எங்கள் தெருக்கோடி வரை கேட்டது. நிச்சயம் செய்ய உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா. பெண் வீட்டார் ஒளித்து வைக்கச் சொன்ன பேனா பக்கத்து வீட்டில் என் ஃபிரிட்ஜில் இருந்தது. தாகம் என்று வந்தவருக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவிட்டேன், தப்பா?

"மறைக்கணும்னு இல்ல மதினி..." என்று இழுத்தார் பெண்ணின் அப்பா விஜயபாண்டி.

"மதினியாம்! ஒனக்குப் பத்தொம்பதுல சர்க்கரை. ஒன் அக்காவுக்கு இருபத்தொண்ணுல. இவளுக்குப் பதினாறுல. ஒல்லிக்குச்சியா இருந்துக்கிட்டு குடும்பமே சீனி மில்லு!"

இந்த விவரமெல்லாம் ஐந்து நிமிடம் முன்பு நான் கொடுத்ததுதான்.

மணப்பெண் அபிதா தரையைப் பார்த்து நின்றாள். எட்டு வருடமாகத் தினம் நான்கு ஊசி. கல்யாணமும் அதோடு போயிற்று என்று முகத்தில் எழுதியிருந்தது.

மாப்பிள்ளை திலீபன் துள்ளி எழுந்தான். மதுரையில் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"நிறுத்தாதம்மா! எல்லாருமே ஒல்லியா? எல்லாருக்கும் இளவயசுலயா? இன்னும் யாருக்கு?" தாம்பூலப் பையின் மேலேயே எழுத ஆரம்பித்துவிட்டான். "அபிதா, ஊசியோடயே ஒன்னக் கட்டிக்கிறேன். ஆனா இது வம்சத்துல ஒத்த ஜீனால வர்ற சர்க்கரைன்னா ஒனக்கு ஊசியே வேணாமோ என்னமோ. ரத்தம் குடு!"

இப்படியொரு காதல் வசனத்தை நான் கேட்டதில்லை.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. செல்லின் உட்கருவில் எச்.என்.எஃப் ஒன் ஏ என்று ஒரு புரதமாம். டி.என்.ஏ.வில் உட்கார்ந்து எந்த ஜீன் எப்போது வேலை செய்யவேண்டும் என்று உத்தரவு போடுமாம். இவர்கள் வீட்டில் அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது.

திலீபன் விஜயபாண்டிக்கு விளக்கினான்: "லோயர் கேம்ப் மதகுல தண்ணி இருக்கு மாமா, ஷட்டரத் தூக்க ஆளில்ல. இன்சுலின் கதையும் அதான், ஒடம்புக்குள்ள இருக்கு, வெளிய வரல. ஒரு சின்ன மாத்திரை தூக்கிரும்!"

டாக்டர் மாத்திரையைத் தொடங்கி ஊசியைப் படிப்படியாகக் குறைத்தார். அபிதாவின் சர்க்கரை அளவைத் தெருவே கிரிக்கெட் ஸ்கோர் போலக் கேட்டது. வாசல் வாசலாக யார் சொன்னது என்று கேட்காதீர்கள். கடைசி ஊசியும் நின்று ஒரு வாரம் கழித்து விஜயபாண்டி தெருவில் இறங்கிக் கத்தினார்: "நூத்திப்பத்து! ஊசியில்லாம நூத்திப்பத்து!"

சந்தனம்மாள் பழத்தட்டோடு திரும்பி வந்தார். அபிதா நேராகவே சொன்னாள்:

"அத்தை, எனக்குப் பிறக்குற பிள்ளைக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு."

"வந்தா வரட்டும். மாத்திரை என்ன ஆனை விலையா?"

தையில் கல்யாணம். ஜோடி மதுரைக்குக் குடிபோனது. மருமகளைக் கவனிக்கிறேன் என்று சந்தனம்மாளும் பெட்டியோடு கிளம்பினார். மாசியிலேயே அபிதா அவரை உத்தமபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகக் கேள்வி.