மடி கெட்ட விஜயதசமி

ஜுவேரியா பதினான்கு மாதமாக மடியாக இருந்தாள். அந்தச் சொல் முதலாளி வேதாந்தத்துடையது. மந்தைவெளியில் ஒரு மாடியில், இரண்டு அறையும் மூன்று பெயர்ப்பலகையும் கொண்டது அவருடைய கம்பெனி. வெளிநாட்டில் தயாரிப்பு நின்றுபோன ஒரு கணினியை நம்பி இன்னும் எத்தனையோ லேத் பட்டறைகள் ஓடுகின்றன. அந்தக் கணினிக்கு ஈடாக ஒன்றை இங்கே செய்துகொண்டிருந்தார்கள். வேதாந்தம் இதை தேசத்தின் டிஜிட்டல் விடுதலை என்பார்.

கணினியை எழுப்பிவிடும் நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தது. அதனால் முன்னறையில் நிரஞ்சன் அசலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் வெறும் வார்த்தையில் எழுதுவான். வக்கீல் ஹம்சினி சரிபார்த்துப் பின்னறைக்குத் தருவாள். அசலில் ஒரு வரியைக்கூடப் பார்க்காத ஜுவேரியா தன் போக்கில் புதிதாக எழுதுவாள். பார்க்காமல் எழுதியதைத் திருட்டு என்று யார் சொல்ல முடியும்? காபி மெஷின் அவள் நுழையக் கூடாத முன்னறையில் இருந்ததால் மழையோ வெயிலோ தெருமுனை டீதான் அவளுக்கு.

"எங்காத்துல கூட இவ்வளவு மடி பார்த்ததில்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் வேதாந்தம் சொல்லிக்கொள்வார். இன்னும் ஒரே ஒரு பகுதி பாக்கி. முடிந்தால் நிரலின் தலைப்பில் ஜுவேரியாவின் பெயர் வரும் என்று பேச்சு.

சரஸ்வதி பூஜையன்று, நமக்குப் படியளக்கிற புத்தகம் என்று சொல்லி, அசல் நிரலின் கறுப்பு பைண்டையே சந்தனம் குங்குமம் இட்டுப் படத்தின் முன் வைத்துவிட்டார் வேதாந்தம். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து ஆளுக்கு நாலு வரி படிக்க வேண்டும். போட்டோகிராபரும் வந்திருந்தார்.

"சார், இது நான் பாக்கக் கூடாத புக்கு."

"பூஜைல வெச்சதும்மா. தோஷமே கிடையாது. படி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். தூங்குகிற மாதிரி விழுந்திருக்கிறது, இன்னொன்று எடு என்றார் வேதாந்தம். பக்கத்தை முகத்துக்கு நேரே தூக்கியும் பிடித்தார். பின்னால் சுண்டலுக்காகக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பதினான்கு மாத அசதி, கண்ணைத் திறந்தாள். படித்துப் பழகிய கண். ஃபிளாஷ் அடிப்பதற்குள் பதினோரு வரி உள்ளே போய்விட்டது.

பாரம்பரியமும் தொழில்நுட்பமும் கைகோத்த தருணம் என்று படம் மதியமே இணையத்தில் ஏறியது. இரண்டு மணிக்கு ஹம்சினி வந்து நின்றாள்.

"அசல் கம்பெனியோட வக்கீல் அதை லைக் பண்ணியிருக்கார் சார்."

படத்தை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்டார் வேதாந்தம். பூஜையிலேயே வைத்தவர்கள் இதற்கு முன் எத்தனை தடவை காட்டினார்களோ என்று கோர்ட்டில் கேட்பார்கள். ஜுவேரியா எழுதியது அத்தனையும் சந்தேகம்தான் என்றாள் ஹம்சினி.

"பிராயச்சித்தம் ஏதாவது உண்டோ?"

"உண்டு சார். எதையும் பாக்காத ஆளாப் பிடிச்சு, முதல்லேருந்து எழுதணும்."

சுண்டல் தின்ற அத்தனை பேரும் நாலு வரி படித்திருந்தார்கள். ஒரு வரியும் படிக்காதவர் வேதாந்தம் ஒருவர்தான். அவருக்கு நிரல் எழுதவும் தெரியாது.

மறுநாள் ஜுவேரியாவின் நாற்காலியை முன்னறைக்கு மாற்றினார்கள். காபி எப்பிடி கீது என்று நிரஞ்சன் கேட்டான். தண்ணியா கீது என்றாள். பிறகு பைண்டைப் பிரித்து, தன்னை ஆறு வாரம் படுத்திய பகுதியைத் தேடினாள். அசலில் அது நாற்பது வரி. அவள் எழுதியது ஒன்பது.

யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்காக, அது என்ன செய்கிறது என்று மட்டும் வெறும் வார்த்தையில் எழுத உட்கார்ந்தாள். அந்த ஒன்பது வரியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, விட்டால் புது ஆளின் மடியும் கெட்டுவிடும் என்று ஹம்சினி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.