கோல்கீப்பர் சட்டை

முதல் ஆட்டம் முடிந்து மகன் கழற்றிப் போட்ட பச்சைச் சட்டையை வாளியில் முக்கப் போன அம்மா, முக்காமல் அப்படியே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் ஊரார் அழுக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. நெஞ்சில் சேறு, வயிற்றில் சேறு, தோளில் கொஞ்சம். பார்த்ததும் கண்ணில் படுகிற முன்பக்கமெல்லாம் சேறு. முழங்கை சுத்தம். இடுப்போரம் சுத்தம். முதுகோ கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்தது போல இருந்தது. காலரை மூக்கருகே கொண்டு போனாள். வேர்வை நாற்றம் பேருக்குக்கூட இல்லை. விழுந்து புரண்டவன் சட்டை இப்படி இருக்காது. யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் பூசியிருக்கிறார்கள்.

"எத்தனை பந்துடா பிடிச்ச?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"ஏழு இருக்கும்மா. ஒண்ணு மட்டும் கையில பட்டு நழுவிடுச்சு. அதுலதான் தோத்துட்டோம்," என்றான் மகன், வாய் கூசாமல்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லூரி கால்பந்து அணியில் கோல்கீப்பராகச் சேர்ந்துவிட்டேன் என்று அவன் சொன்ன அன்றே, லாரி ஓட்டுகிற அவன் அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. டீக்கடை, டீசல் பங்க், சுங்கச்சாவடி என்று லாரி நின்ற இடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்குத்தான் உண்மையைச் சொல்ல வாய் வரும்? அன்றைக்கும் போனில் அவர், "ஏழா! ஏழு பிடிச்சானா?" என்று கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "ஆமாங்க, ஏழு," என்று சொல்லிவிட்டு அவள் சட்டையைத் துவைக்கப் போனாள்.

இரண்டாவது ஆட்டம் டிரா. சட்டையில் அதே சேறு, அதே இடத்தில். இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இவன் ஆடவில்லை என்றால் அந்த நேரத்தில் எங்கே போகிறான்? சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அக்காவிடம் மெல்லச் சொன்னாள்.

"மைதானத்துக்குப் போறான்னு உனக்கு யாரு சொன்னா? அவன்தானே? எங்க வீட்டுலயும் ஒருத்தன் இப்படித்தான் டியூஷன் டியூஷன்னு போனான்," என்றாள் அக்கா, தலையணை உறையைத் திருப்பிப் போட்டபடி.

"போயி?"

"போனான். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவளைத் தூங்க விடவில்லை. நேரே கேட்டுவிடலாம்தான். கேட்டால் இன்னொரு பொய் சொல்வான், அதைக் காப்பாற்ற இன்னொன்று. அப்புறம் வீட்டில் பேச்சே நின்றுபோகும் என்று பயந்தாள். மூன்றாவது ஆட்டம் வெளியூரில், ஜெயித்துவிட்டார்களாம். மகன் தொண்டை கட்டிப்போய் வந்தான். கோல்கீப்பருக்கு எதற்குத் தொண்டை கட்டுகிறது என்று கேட்டதற்கு, "பின்னாடி நின்னு எல்லாரையும் கத்திக்கிட்டே இருக்கணும்மா," என்று காற்றாய்ச் சொன்னான். அவள் அவன் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். "என்னம்மா?" என்றான். "ஒண்ணுமில்ல," என்றாள்.

நாலாவது ஆட்டம் அவர்கள் கல்லூரி மைதானத்திலேயே. அக்காவின் தலையில் வேலையைக் கட்டிவிட்டுக் கிளம்பிப் போய், சைக்கிள் நிறுத்துமிடத்தின் தூணுக்குப் பின்னால் நின்றாள். கோல் கம்பத்துக்கு நடுவே மலை மாதிரி ஒரு பையன் நின்றான். எல்லாரும் அவனை 'மலை' என்றே கூப்பிட்டார்கள். அவள் கண் மைதானம் முழுக்க அலைந்தது, பிறகு மைதானத்துக்கு வெளியே. அதோ, பெஞ்சின் ஓரத்தில் பச்சைச் சட்டை. அவன்தான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. பந்து அந்தப் பக்கம் போனபோதெல்லாம் எழுந்து நின்று, நரம்பு புடைக்க, "மலை, இடது பக்கம்! மலை, வெளிய வா!" என்று கத்தினான். இடைவேளையில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினான். திருட்டுப் பயல், இங்கேதான் இருந்திருக்கிறான்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு மகன் மட்டும் கோல் வாசலுக்குப் போனான். சட்டையைக் கழற்றித் தொடையில் விரித்துக்கொண்டு, ஈர மண்ணைக் கிள்ளி எடுத்து, நெஞ்சுப் பக்கம் தடவினான். தள்ளிப் பிடித்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் தடவினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்து, ஒன்றும் தெரியாதவள் போல, "எத்தனை பிடிச்ச?" என்று கேட்டாள். நாலு என்றான். கணவரிடம் அவளே ஐந்தாக்கிச் சொன்னாள்.

ஐந்தாவது ஆட்டத்தில் முதுகிலும் சேறு இருந்தது. எவனோ சிநேகிதன் கைகொடுத்திருக்கிறான், அளவு தெரியாதவன், சகட்டுமேனிக்கு அப்பியிருந்தான். அது போகட்டும். அன்று சாயங்காலம் கணவர் போனில், கடைசி ஆட்டத்துக்கு நான் வருகிறேன், நாலு டிரைவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மகன் காதிலும் விழுந்தது. தட்டில் வைத்ததை வைத்தபடியே விட்டு எழுந்துபோனான். பிள்ளை நாலு பேர் முன்னால் கூனிக் குறுகி நிற்பதை நினைத்து அவளும் சாப்பாட்டை மூடி வைத்தாள்.

கடைசி ஆட்டத்தன்று காலையில் போன் வந்தது. லாரி வழியில் படுத்துவிட்டதாம், மெக்கானிக் கையை விரித்துவிட்டானாம். "அவன்கிட்ட நீயே சொல்லிடும்மா, கோச்சுக்கப் போறான்," என்றார் கணவர், அழாத குறையாக. அவள் சொன்னாள். மகன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "அப்பாடா," என்றான். வாய் தவறிச் சொன்னதை மறைக்க, "பாவம் அப்பா," என்று சேர்த்துக்கொண்டான்.

சாயங்காலம் அவன் வந்தபோது நடையே மாறியிருந்தது. சட்டையைக் கழற்றி அவளிடம் தராமல் நேரே வாளியில் போட்டு மூழ்கடிக்கப் பார்த்தான். அவள் பிடுங்கிக்கொண்டாள். காலர் வேர்வையில் ஊறிக் கனத்தது. இடுப்போரம் புல் அரைத்த பச்சை. வலது முழங்கையில் துணி கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது.

"எத்தனைடா பிடிச்ச?"

"இன்னைக்கு என்னை இறக்கலம்மா. பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"பெஞ்சுல உக்காந்தவனுக்கு முழங்கை கிழியுமா?"

மகன் திரும்பிப் பார்த்தான். அவள் எதையெதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று அந்த ஒரு நொடியில் அவனுக்கு விளங்கிவிட்டது. காது சிவந்தது.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மலைக்கு விரல் பிசகிடுச்சு. வேற ஆளு இல்ல. அஞ்சு கோலும்மா. அஞ்சு விட்டுட்டேன்."

"அஞ்சா?"

"அஞ்சு. கூட்டமே சிரிச்சுது."

அவளும் சிரித்தாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல், இத்தனை நாள் நெஞ்சில் கட்டி வைத்ததெல்லாம் அவிழ்ந்து கொட்டுகிற சிரிப்பு. முதலில் முறைத்த மகனுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் வாளிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

"ஆறாவது ஒண்ணு வந்துச்சும்மா. பெனால்டி," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதைப் பிடிச்சிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா. கண்ண மூடிட்டு இடது பக்கம் விழுந்தேன். தெறந்து பாத்தா பந்து வயித்துக்கிட்ட இருக்கு."

போன் அடித்தது. அப்பாதான். மகன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நானே சொல்லிடறேன்மா. அஞ்சையும் சொல்லிடறேன்."

"சொல்லலாம், இரு," என்று எழுந்து அவனையும் உள்ளே இழுத்துப் போன அவள், கொடியிலிருந்து ஒரு துண்டை உருவிப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு, அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றாள். "எப்படிப் பிடிச்சன்னு மொதல்ல எனக்குக் காட்டு."

"இங்கயா? கட்டில்ல இடிச்சுக்குவேம்மா."

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை ஓங்கி, துண்டை வீசினாள். மகன் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் பாய்ந்தான்.